அவுக பேருள்ள மாதா

“லூர்துசாமி என்பவர் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு அருகில் வரவும்” என்று எங்கள் கோவில் உபதேசியார் மைக்கில் சொன்னார்.

வந்தார்கள். முதலில் இரண்டு பேர். பிறகு மூன்று பேர். கடைசியாகக் கையில் மோர் டம்ளருடன் ஒருவர். அத்தனை பேரும் லூர்துசாமிகள். அதில் ஒருவர், தமக்கு ஏதோ பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்ற நம்பிக்கையில், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

நாங்கள் தேடிய லூர்துசாமி மட்டும் வரவில்லை.

அவர் என் சித்தப்பா. மேடைக்குக் கீழே நின்ற சின்னம்மா, வருகிற ஒவ்வொரு லூர்துசாமியின் முகத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏமாற்றத்தைக்கூட மரியாதையாகக் காட்டுகிறவள் அவள். வந்தவர்களைப் பார்த்து, “மன்னிச்சுக்கங்கண்ணே, நீங்க இல்ல” என்றாள் ஒவ்வொரு தடவையும்.

உத்தமபாளையம் தாண்டிக் கம்பம் போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வருடா வருடம் பிப்ரவரியில் கெபித் திருவிழா. கல்லை அடுக்கிக் குகைபோலக் கட்டி, உள்ளே மாதா சுருபம் வைத்தால் அதற்குப் பெயர் கெபி. திருப்பலி முடிந்து, பந்தலில் பொதுச் சாப்பாடு ஆரம்பித்திருந்தது. சாம்பார் வாசனையும் மெழுகுதிரி வாசனையும் ஒன்றாகக் கலந்து, பசியா பக்தியா என்று தெரியாத மத்தியான நேரம்.

சின்னம்மா மெழுகுதிரி ஏற்றும் வரிசையில் நின்றாள். சித்தப்பாவைத் தன் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். திரியைப் பற்றவைக்கக் குனிந்து நிமிர்ந்தபோது, நாற்காலி இருந்தது.

சித்தப்பாவுக்கு மறதி நோய். கம்பம்மெட்டு மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் சொல்வார். காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டால் திரும்பி நம்மைக் கேட்பார். கெபிக்குப் பின்னால் வாய்க்கால். அந்த வாரம்தான் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். முன்னால் சாலை, குமுளி லாரிகள் யாருக்காகவும் வேகத்தைக் குறைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ, தன் பெயர் என்னவென்று தெரியாத ஒரு மனிதர்.

கனமான பெயர்

போன வாரம் இந்தப் பத்தியில், நான் இளைப்பதற்காக நடைப்பயிற்சி போய் மூன்றாவது நாளே டீக்கடையில் நிரந்தர உறுப்பினரான கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம் என் பெயரின் கதை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

லூர்து என்பது பிரான்ஸ் தேசத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஊர். அங்கே விறகு பொறுக்கப் போன ஓர் ஏழைப் பெண்ணுக்கு, ஒரு குகையில் மாதா காட்சி கொடுத்தாள் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த ஊரின் பெயர் வெள்ளைக்காரச் சாமியார்களோடு கப்பலேறி வந்து, மாட்டுவண்டியில் எங்கள் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டு தமிழாகிவிட்டது. பிரான்ஸில் அது ஊர். எங்களிடம் வந்த பிறகுதான் ஆளானது.

ஆணாகப் பிறந்தால் லூர்துசாமி, லூர்துராஜ், லூர்துநாதன். பெண்ணாகப் பிறந்தால் லூர்துமேரி, லூர்தம்மாள். பிப்ரவரியில் பிறந்தால் கேள்வியே இல்லை. வேறு மாதத்தில் பிறந்தாலும், அம்மாவுக்குப் பிரசவத்தில் கஷ்டம் வந்து யாராவது கெபிக்கு நேர்ந்திருந்தால் முடிந்தது. என் அம்மாவுக்குக் கஷ்டம் வந்தது. நான் லூர்துராஜ். பிறக்கும்போதே நான் பெரிய சைஸ் என்பது அம்மா தரப்பு வாதம்.

ஒரு தடவை குமுளியில் ஏலக்காய்க் கடை வாசலில் ஒரு பிரெஞ்சுக்காரரைச் சந்தித்தேன். வலியப் போய், “என் பெயர் உங்கள் ஊர்ப் பெயர்” என்று பெருமையாகச் சொன்னேன். பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தங்கள் மொழியில் அந்த ஓசைக்குக் கனமானது என்று ஓர் அர்த்தம் உண்டு என்றார். “ஊர்ப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை” என்று அவசரமாக ஆறுதலும் சொன்னார். அவர் கண் மட்டும் என் வயிற்றைவிட்டு நகரவில்லை.

கனம்தான். அதை அன்றைக்கு வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் நடுத்தெருவில் நின்று “லூர்து” என்று கூப்பிட்டால், நாலு வீட்டில் கதவு திறக்கும். ஆகவே முன்னால் ஒரு பட்டம் சேர்த்தாக வேண்டும். சித்தப்பா பல வருடம் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு ஜீப் ஓட்டியவர், ஜீப்பு லூர்து. பம்ப்செட் பழுது பார்க்கிறவர் மோட்டார் லூர்து. எந்தக் காலத்திலோ ஒரு வாரம் மூணாறில் தங்கிவிட்டு வந்து, இன்றுவரை அந்த ஒரு வாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர் மூணாறு லூர்து. பட்டம் கொடுக்கும்படியாக வாழ்க்கையில் எதுவுமே செய்யாத ஒரு நல்ல மனிதர் இருக்கிறார். அவர் சும்மா லூர்து.

நான் கத லூர்து. பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதற்கான மரியாதை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். “அவன் கத விடுவான்” என்று மோட்டார் லூர்து விளக்கும்வரை.

ஆட்களுக்குப் போக மிச்சமிருந்த பெயரை இடங்களுக்கு வைத்தார்கள். லூர்து தெரு. அது நிறைந்ததும் லூர்து நகர். அதன் முனையில் லூர்து மெடிக்கல். அதற்கு எதிரே லூர்து ஸ்டாப். புதிதாக வந்த கண்டக்டர் ஒருவர், “லூர்தெல்லாம் எறங்கு” என்று குரல் கொடுக்க, ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த மூணாறு லூர்து பதறி எழுந்து, “நான் தேனி வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேம்ப்பா” என்று சீட்டைக் காட்டியது இன்றும் எங்கள் தடத்தில் பேசப்படுகிறது.

சொல்லாத சொல்

சின்னம்மாவின் பெயர் அமலோற்பவம்.

குகையில் தெரிந்த பெண்மணியிடம் அந்த ஏழைப் பெண் திரும்பத் திரும்பப் பெயர் கேட்டாளாம். கடைசியில் கிடைத்த பதில் அந்தச் சொல்தான், மாசில்லாமல் உற்பவித்தவள் என்று அர்த்தம். ஆக மாப்பிள்ளை பெயர் பிரான்ஸ் ஊர். பெண் பெயர் அந்த ஊரில் மாதா சொன்ன பதில். இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும் என்று பெரியவர்கள் உடனே சம்பந்தம் பேசிக் கைநனைத்துவிட்டார்கள். சிக்கல் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது.

புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும். ஞானஸ்நானம் வாங்கித் தலைமுறைகள் ஆன பிறகும் எங்கள் சனம் கரைத்துவிடாமல் வைத்திருக்கும் சங்கதிகளில் இது ஒன்று. பக்கத்து வீட்டு முருகன் சம்சாரத்துக்கும் இதே கதைதான். பழனி முருகன் கோவிலுக்குப் போவதை அந்த அக்கா “மலைக்குப் போறோம்” என்று சமாளித்துவிடும். முருகனுக்காவது வேறு பெயர்கள் இருக்கின்றன.

சின்னம்மாவுக்குத் தப்பிக்க வழியே இல்லை. மாதா பெயர் புருஷன் பெயர். குடியிருக்கிற தெரு புருஷன் பெயர். தலைவலித் தைலம் வாங்குகிற கடை, பஸ் ஏறுகிற இடம், எல்லாம் புருஷன் பெயர். திரும்பிய பக்கமெல்லாம் அவள் சொல்லக் கூடாத சொல்லை யாரோ பெயிண்ட் அடித்து எழுதி வைத்திருந்தார்கள்.

அவள் தனக்கென்று ஒரு பாஷை செய்துகொண்டாள். மருந்துக்கடை “அவுக கட”. கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்த பையன், ஜீப் ஓட்டுகிற சித்தப்பாதான் முதலாளி போலிருக்கிறது என்று சில நாள் எழுந்து நின்று வணக்கம் வைத்தான். பஸ்ஸில் இன்னும் விசேஷம்.

“அவுக ஸ்டாப்புக்கு ஒண்ணு குடுப்பா.”

“எவுக ஸ்டாப்பும்மா?”

“அதான்யா, எங்க வீட்டுல இருக்காகள்ல, அவுக.”

“ஒங்க வீட்டுக்கு நான் வந்தது இல்லையேம்மா.”

பின் சீட்டில் இருந்து யாராவது, “லூர்து ஸ்டாப்புப்பா, அந்தம்மாவ ஏன் வதைக்கிற” என்று குரல் கொடுத்தால்தான் பஸ் மேலே நகரும்.

மாதாவை “அவுக பேருள்ள மாதா” என்பாள். பேருக்கு உரியவள் மாதா, கடன் வாங்கியவர் சித்தப்பா என்ற வரிசை அவள் கணக்கில் தலைகீழ். ஜெபமாலை முடிவில் பிரார்த்தனை வாசிக்கும்போது, ஊரே ஒரே குரலில் அந்தப் பெயரைச் சொல்லும். சின்னம்மா அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு, அடுத்த சொல்லில் வந்து சேர்ந்துகொள்வாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சின்ன வாய்க்காலைத் தாண்டுவதுபோல இருக்கும்.

எனக்கும் அவள் வீட்டில் முன்பாதி கிடையாது. வெறும் ராசுதான்.

ஒரே ஒரு நாள் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். கோவில் பீடத்துக்கு முன்னால், கல்யாணம் மந்திரிக்கும்போது, இன்னாராகிய உம்மை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன் என்று பெண் சொல்லியாக வேண்டும். இன்னார் இல்லாமல் கல்யாணம் செல்லாது. சின்னம்மா சொன்னது சாமியார் காதில் விழவில்லை. “சத்தமாம்மா” என்றிருக்கிறார். இரண்டாம் தடவை சொல்லும்போது அழுதுவிட்டாளாம். சித்தப்பா பிற்பாடு ஜீப் ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார். “என் ஆயுசுல அன்னிக்குப் போனது போனதுதான். மிச்சத்த அவ வாயத் தொறக்காமப் பத்திரமா வச்சிருக்கா” என்பார்.

தேனியில் ஒரு கேள்வி

மறதி தலைகாட்டிய புதிதில், நானும் சின்னம்மாவும் அவரைத் தேனியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். வாசலில் உட்கார்ந்திருந்த நர்ஸ் விவரம் கேட்டது.

“பேஷண்ட் பேரு?”

“லூர்துசாமி.”

“கூட வந்திருக்க நீங்க?”

“லூர்துராஜ்.”

“எந்தத் தெரு சார்?”

“லூர்து நகர்.”

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தது. “சார், பின்னாடி எம்புட்டுக் கூட்டம் நிக்கிது பாத்தீகளா? வெளையாடுறீக.”

அதுவரைதான் வேடிக்கை.

உள்ளே டாக்டர் மெதுவான குரல்காரர். சித்தப்பாவின் கையைப் பிடித்து, இது என்ன ஊர், இது என்ன மாசம் என்றெல்லாம் கேட்டார். சில பதில்கள் சரியாக வந்தன. பிறகு, “ஐயா, உங்க பேரு என்ன?” என்றார்.

சித்தப்பா வாயைத் திறந்தார். மூடினார். சட்டைப் பையில் வைத்த சாவியைத் தேடுகிற மாதிரி ஒரு முகம். அவர் திரும்பிச் சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் கையைக் காட்டி, “நீங்க சொல்லாதீங்க, அவரா சொல்லட்டும்” என்றார்.

பெயர் தொலைந்த ஒருவர். தெரிந்தும் சொல்லக் கூடாத ஒருத்தி. அதே பெயரைப் பாதி வைத்துக்கொண்டு வாயைப் பொத்தி நிற்கிற ஒருவன். மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தோம். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் சின்னம்மாவைப் பார்த்து, “நீங்களாவது முதல் எழுத்து மட்டும் எடுத்துக் கொடுங்கம்மா” என்றார். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணில் இருந்து தண்ணீர்தான் வந்தது.

அப்போது சித்தப்பா சொன்னார்:

“அவளக் கேக்காதீக சார். அவ சொல்ல மாட்டா.”

சொந்தப் பெயர் போய்விட்டிருந்தது. அவள் அதைச் சொல்ல மாட்டாள் என்பது போகவில்லை. டாக்டர் எழுதப் பேனாவை எடுத்தார். அவர் படித்த படிப்பில் இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று யோசித்திருப்பாரோ என்னவோ.

மைக்

திருவிழாவுக்கு வருகிறேன்.

மேடைக்கருகில் ஒரு லூர்து கூட்டமே சேர்ந்திருந்தது. உபதேசியார் நல்ல மனிதர், ஆனால் மைக் கையில் இருந்தால் தமிழ் கொஞ்சம் உயர்ந்துவிடும். “ஞாபக மறதி உள்ள லூர்துசாமி அவர்கள் வரவும்” என்று அறிவிப்பைத் திருத்தினார். அதற்கும் ஒருவர் வந்தார். வரவில்லை, அவர் மனைவி இழுத்துக்கொண்டு வந்தாள்.

“நேத்து அடுப்ப அணைக்காமத் தெருவுக்குப் போயிட்டாரு. கெணறு கணக்கா மறதி. இவரத்தான் கூப்புடுறீகளோன்னு...”

“போங்கம்மா அங்கிட்டு” என்றார் மோட்டார் லூர்து. “ஜீப்பு லூர்தக் காணம். ஆளுக்கொரு பக்கம் போங்கப்பா. ஏலே, நாலு பேரு வாய்க்காக் கரையில எறங்குங்க. தண்ணி இழுக்கும், பாத்து.”

சித்தப்பா முன்பு ஒரு தடவை காணாமல் போனபோது, கம்பம் ஸ்டாண்டில் நின்ற ஏதோ ஒரு ஜீப்பின் டிரைவர் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆகவே நான் சாலையோரம் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஜீப்புகள், வேன்கள், ஜெனரேட்டர் லாரி. வெயிலில் கொதித்த ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்தேன். எந்த டிரைவர் சீட்டிலும் அவர் இல்லை. மூச்சு வாங்கியது. கனமான பெயர்க்காரன் ஓடக் கூடாது, ஓடினேன்.

திரும்பி வந்தபோது, வாய்க்காலுக்குப் போன பையன்கள் முழங்கால் வரை நனைந்து நின்றார்கள். ஒருவன் கையில் சொட்டச் சொட்ட ஒரு துண்டு. மதகில் சிக்கியிருந்ததாம். யாரும் அதைச் சின்னம்மாவிடம் நீட்டத் துணியவில்லை. அவளே வந்து வாங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

“அவுகது இல்ல” என்றாள். “அவுகது பச்சக் கர.”

துண்டை மடித்துக் கொடிக்கம்பத்துக் கம்பியில் காயப் போட்டாள். பிறகு மேடைப் படியைப் பிடித்து ஏற ஆரம்பித்தாள்.

“சின்னம்மா, நீ எதுக்கு?” என்றேன்.

“நகரு ராசு. நான் கூப்புடுறேன்.”

உபதேசியாருக்குத் தர்மசங்கடம். “அமலோற்பவம், நீ எப்படிம்மா... பேரச் சொல்லிக் கூப்புடணுமே.”

“தெரியும்ணே.”

கீழே பந்தியில் இருந்த முருகன் சம்சாரம் எழுந்து ஓடி வந்தது. அந்த அக்காவுக்குத்தான் விஷயத்தின் முழுக் கனமும் தெரியும். “ஏ அமலு, வேணாம்டி. நான் சொல்றேன் உனக்குப் பதிலா. நான் நூறு வாட்டி சொல்றேன். நீ சொல்லாதடி. ஆயுசு கொறஞ்சிரும்.”

சின்னம்மா மைக்கைக் கையில் வாங்கியிருந்தாள். அவள் சொன்னது தென்னை மரங்களில் கட்டியிருந்த எல்லாக் குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது:

“கொறஞ்சாக் கொறையட்டும்க்கா. ஆளு கெடைக்கட்டும்.”

பந்தியில் பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். சாப்பிடுகிறவர்கள் கை இலையிலேயே நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“லூர்துசாமி” என்றாள்.

எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட பெயர். என் பெயரும்தான். அன்றைக்குத்தான் அதை முதல் தடவை கேட்பதுபோல இருந்தது. குரலில் பழக்கமே இல்லை. புதுச் செருப்புப் போட்டு நடக்கிறவள்போல ஒவ்வொரு எழுத்திலும் தயங்கித் தயங்கி மிதித்தாள். முருகன் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

எல்லோரும் காத்திருந்தோம். வாய்க்கால் பக்கம் பார்த்தோம். சாலைப் பக்கம் பார்த்தோம். கெபிக்கு இடப்பக்கம் திராட்சைத் தோட்டம். அதன் படல் சாத்தியிருந்தது. எங்கேயும் எதுவும் அசையவில்லை.

“லூர்துசாமி” என்றாள் மறுபடியும். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.

ஒன்றும் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பெயரையே தெரியாதவரை, கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரை ஒருநாளும் சொல்லாத வாயால் கூப்பிட்டால், யார் வருவார்? அவருக்கு அது அந்நியப் பெண் ஒருத்தி எந்த ஊரையோ சொல்லிக் கூப்பிடுவது மாதிரிதான் இருக்கும். இருந்த ஒரே சொத்தை அவள் செலவழித்துவிட்டாள். அது செல்லாக்காசாகத் திரும்பி வந்துவிட்டது.

சின்னம்மா மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. அது நாங்கள் எல்லோரும் அறிந்த கோபம். உலையில் சோறு பொங்கும்போது, வாசலில் வெட்டிப்பேச்சுப் பேசிக்கொண்டிருக்கும் புருஷன்மேல் வருகிற கோபம்.

“இந்தா, ஒங்களத்தான்!” என்றாள். “எங்கன போய்த் தொலைஞ்சீக? கூப்புடுறது காதுல விழுகல? வாங்க, நேரமாச்சு!”

பந்தியில் இருந்த நாலைந்து வயசான ஆண்கள் அனிச்சையாகப் பாதி எழுந்து, பிறகு தங்களுக்கில்லை என்று தெரிந்து உட்கார்ந்தார்கள்.

“வாறேன், வாறேன்” என்று ஒரு குரல் கேட்டது. “மதி. ஊருக்கே கேக்குது.”

மலையில் ஓட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்ட மலையாளச் சொல் அது. போதும் என்று அர்த்தம். வீட்டில் சின்னம்மா குரலை உயர்த்தும்போதெல்லாம் அவர் சொல்கிற சொல்.

படலைத் தள்ளிக்கொண்டு அவர் திராட்சைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்தார். கொடிப் பந்தல் தாழ்வு, குனிந்தே நடந்திருக்கிறார், வெளியே வந்த பிறகும் கொஞ்ச தூரம் குனிந்தே வந்தார். தலையெல்லாம் இலைச் சருகு. வேட்டியில் மண். ஓடிப்போய்ப் பிடிக்கலாமா என்று தெரியாமல், அத்தனை லூர்துகளும் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டோம்.

சின்னம்மா மைக்கை உபதேசியார் கையில் திணித்துவிட்டு, படியிறங்கி அவர் முன்னால் போய் நின்றாள்.

“எங்கன போனீக?”

“ஒதுங்கத்தான் போனேன். அப்புறம் தேடிக்கிட்டு இருந்தேன்.”

“யார?”

சித்தப்பா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இத்தனை பேர் சும்மா நிற்கிறார்களே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

“யாரோ லூர்துசாமியாம். காணமாம். மைக்குல எம்புட்டு நேரமாக் கூப்புடுறாக, நீ கேக்கல? பாவம், யாரு வீட்டு மனுசனோ. நம்மபாட்டுக்கு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? அதான் பந்தலுக்குள்ள வரிசை வரிசையாப் பாத்துட்டு வாறேன். அங்கன இல்ல.”

மோட்டார் லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்னம்மா அவர் தலையில் இருந்த சருகை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

“கெடச்சுட்டாக” என்றாள்.

“கெடச்சுட்டாகளா?” அவருக்கு நிஜமான சந்தோஷம். “எங்கன இருந்தாகளாம்?”

“இங்கனதான். பக்கத்துலதான்.”

“மேலுக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்ல. நல்லா இருக்காக.”

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்:

“அந்த மனுசன் வீட்டம்மா துடிச்சுப் போயிருக்கும். அதுக்கு யாரும் சொல்லி விட்டாகளா?”

சின்னம்மாவின் கை அவர் தலையிலேயே நின்றது.

“தெரியும்” என்றாள். “அதுக்குத் தெரிஞ்சிருச்சு.”